சாயமும் அதன் பிரிகையும்

நிறம் என்பது கண்ணுக்குப் புலனாவது. சாயம் என்பதோ கண்ணுக்குப் புலனாகாதது. இவ்வாறு கூறுதல் முதற்கண் முரணாகத் தோன்றலாம். ஆயினும் சிறிது ஆராயின் உண்மை விளங்கும். கறுப்புச் சட்டை ஒன்றைக் காண்கின்றோம். அக்கறுப்பு ஒரே சாயத்தால் அமைந்ததாகவும் இருக்கலாம்; நீலம், சிவப்பு, மஞ்சள் என்னும் மூன்று சாயங்கள் தம்முள் கலந்து அமைந்ததாகவும் இருக்கலாம். கண் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னத்தைப் பற்றி நம் முன்னோர் பேசினர். கலந்த நிறங்களை அவ்வாறு பிரித்துக் காட்டும் அன்னம் ஒன்று இக்காலத்து இரசாயன சாலைகளில் உண்டு. அதற்கு மென்படல வண்ணப் பிரிகை என்று பெயர். அதன் வரலாற்றையும் இயல்பையும், நம் நாட்டுத் துணித் தொழிலுக்கு அது செய்யும் உதவியையும், நாம் அறிந்த அளவில் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தனம்.

தமிழ் பயிலும் நமக்கு இரசாயனத்தில் யாது வேலை என்று நண்பர் சிலர் வினவலாம். இரண்டு விடைகள் உள. ஒன்று, சொற்றொடரைப் பதம் பிரித்துப் பொருள் காண்பது எமது நாள்தோறும் பயிலும் வேலை. நிறத்தைப் பதம் பிரிக்கும் ஒரு கலை உண்டெனக் கேட்கின் எமக்கு ஆவல் எழுவது இயல்பேயாம். மற்றொன்று, இக்கலையால் காக்கப்பட வேண்டியவர் பெரும்பாலும் தமிழ் மட்டுமே அறிந்தவர். அவர்க்கு அவர் மொழியில் இதனை உரைப்பார் வேண்டும்.

காதர்பேட்டை

திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்திற்கு அணித்தாகக் காதர்பேட்டை என்னும் கடைவீதி உளது. பின்னலாடைகளின் மொத்த வாணிகத்திற்குப் பேர்பெற்ற இடம் அது. பனியன், டி-ஷர்ட்டு, குழந்தைச் சட்டை, இரவுடை முதலியன அங்கே கட்டுக்கட்டாக அடுக்கப்பெற்றிருக்கும். அயல்நாட்டு ஏற்றுமதிக்கெனத் தைத்து எஞ்சியவையும், உள்நாட்டு விற்பனைக்கென்றே தைத்தவையும் அருகருகே கிடக்கும். பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் சிறு வியாபாரிகள் வந்து மூட்டையாக வாங்கிச் செல்வர்.

வாங்குவார் செய்யும் சோதனைகளைக் கவனித்தல் இன்பம் தரும். ஒருவர் துணியை விரலிடையே நெருடித் தடிப்பை அறிவார். மற்றொருவர் தையலை இழுத்துப் பார்ப்பார். வேறொருவர் விரலை நனைத்துத் துணியின்மேல் தேய்த்துச் சாயம் போகின்றதா என்று நோக்குவார். இவையெல்லாம் அநுபவம் கற்பித்த நல்ல சோதனைகளே. ஆயினும் “இது எந்தச் சாயம்?” என்னும் வினாவுக்கு இவற்றுள் ஒன்றும் விடை தாராது. சாயம் போகாத துணியிலும் தீய சாயம் இருத்தல் கூடும். சாயம் போகும் துணியிலும் தீமையற்ற சாயம் இருத்தல் கூடும். சாயத்தின் உறுதி வேறு. சாயத்தின் குணம் வேறு.

தீய சாயம் எது?

1856-ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில மாணவர், தமது பதினெட்டாம் வயதில், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டு ஊதா நிறச் சாயம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டனர். நம்மொத்த வயதினர் ஒருவர் செய்த அக்கண்டுபிடிப்பால் உலகின் சாயத்தொழிலே மாறிற்று. இரண்டாண்டு கழித்து, 1858-இல், பீட்டர் கிரீஸ் என்பார் வகுத்த வழியில் அசோ சாயங்கள் தோன்றலாயின. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்து, இருபுறமும் வளைய மூலக்கூறுகளைப் பற்றி நிற்கும் அமைப்பே அசோ எனப்படும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைப் பளிச்செனத் தருவன இவையே. இன்று வழங்கும் செயற்கைச் சாயங்களுள் மிகப் பெரிய குலம் இதுவே.

இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் ஒரு சிலவற்றிலுள்ள அசோ பிணைப்பு முறியுமாயின், புற்றுநோய் விளைக்கும் அரோமாட்டிக் அமீன்கள் பிறக்கும். உடலிலும் தோலிலும் வாழும் நுண்ணுயிர்கள் இம்முறிவைச் செய்யவல்லன. 1884-இல் தோன்றிய காங்கோ சிவப்பு என்னும் சாயத்தை எடுத்துக்கொள்வோம். பருத்தி நூலில் வேறு துணைப்பொருளின்றி நேரே பற்றும் என்று அந்நாளில் அது கொண்டாடப்பெற்றது. அஃது உடைந்தால் வருவது பென்சிடீன். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் என ஐயமற நிறுவப்பெற்ற பொருள் அது. சாயத் தொழிலாளரிடை இந்நோய் மிகுதல் கண்டு, 1895-ஆம் ஆண்டிலேயே பிராங்க்பர்ட்டு நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் எச்சரித்தனர். எச்சரிக்கை எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சட்டம் எழுந்ததோ இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்.

1994-இல் ஜெர்மனி இத்தகைய சாயங்களை ஆடைகளில் தடுத்துச் சட்டம் செய்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 2002-இல் அதனைத் தன் நாடுகளனைத்திற்கும் பொதுவாக்கிற்று. 22 அமீன்கள் பட்டியலிடப்பெற்றன. ஒரு கிலோ துணியில் அவற்றுள் எதுவும் 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. நம் இந்திய அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. பென்சிடீன் வழிவந்த 42 சாயங்களை 1993 முதலும், வேறு 70 அசோ சாயங்களை 1997-இலும், ஆக 112 சாயங்களைச் சுற்றுச்சூழற் சட்டத்தின்கீழ் விலக்கிற்று. ஏற்றுமதியையே உயிராகக் கொண்ட திருப்பூர் இவ்விதிகளைக் கற்றே தீரவேண்டியதாயிற்று. விதியை எழுதுவது எளிது. துணியில் மறைந்துள்ள அமீனைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? அவ்விடத்தே தான் வண்ணப் பிரிகை வந்து கைகொடுக்கின்றது.

பிரிகையின் வரலாறு

ருஷிய நாட்டுத் தாவர நூலறிஞர் மிக்காயில் ஸ்வெட் என்பவர் 1903-இல் வார்சா நகரில் ஒரு சொற்பொழிவாற்றினார். இலைகளின் பசுமைச் சாற்றைச் சுண்ணாம்புக்கல் மாவு நிறைத்த கண்ணாடிக் குழலினுள் வார்த்து, அதன்மேல் கரைப்பானை ஊற்றிக்கொண்டிருப்பின், பச்சையும் மஞ்சளுமாய்த் தனித்தனி வளையங்கள் குழலில் தோன்றுதலை அவர் கண்டனர். ஒன்றென எண்ணியிருந்த இலைப் பச்சை பலவாயிற்று. 1906-இல் தாம் எழுதிய கட்டுரைகளில் இம்முறைக்கு அவர் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். அப்பெயருக்கு ‘நிறத்தின் எழுத்து’ என்பது பொருள். ருஷிய மொழியில் ‘ஸ்வெட்’ என்பதற்கும் நிறம் என்றே பொருளாகும். ஆதலின் அறிஞர் தம் பெயரையே சிலேடையாக அதனுள் மறைத்து வைத்தார் என்று கருதுவாரும் உளர். சிலேடையில் தோய்ந்த நம் தமிழ்ப் புலவர்க்கு இஃது உவகை தருவதேயாம்.

நெடுங்காலம் உலகம் அம்முறையை மறந்திருந்தது. அதற்குப் புத்துயிர் அளித்தவருள் தலையாயவர் மார்ட்டின், சிங் என்னும் இருவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் பணியாற்றிய இவ்விருவரும், ஆட்டுமயிரிலுள்ள அமினோ அமிலங்களைப் பிரித்தறிய முயன்றதன் பயனாக 1941-இல் பங்கீட்டு வண்ணப் பிரிகை தோன்றிற்று. 1944-இல் வடிதாளிலேயே பிரிக்கும் முறை எழுந்தது. 1952-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவ்விருவரையும் அடைந்தது. துணித் தொழிலின் தேவையால் வளர்ந்த கலை மீண்டும் துணித் தொழிலுக்கே பயன்படுதல் பொருத்தமேயன்றோ!

மென்படல முறையோ வேறொரு கிளை. 1938-இல் கார்க்கோவ் நகரத்து இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்னும் இருவர், மருந்துச் சாறுகளை ஆராயும்பொருட்டு, அலுமினா மாவைக் கண்ணாடித் துண்டின்மேல் மெல்லியதாகப் பரப்பி அதன்மேல் ஒரு துளி இட்டனர். குழலில் நெடுநேரம் பிடித்த வேலை சில நிமிடத்தில் முடிந்தது. 1951-இல் அமெரிக்கராகிய கிர்ச்னரும் அவர்தம் தோழரும் மாப்பசை சேர்த்துச் சிலிக்கா ஜெல்லைக் கண்ணாடியில் ஒட்டவைத்தனர். 1956 தொட்டு ஜெர்மானியராகிய எகோன் ஸ்டால் என்பவர் மாவின் நயம், படலத்தின் தடிப்பு, பூசும் கருவி ஆகிய அனைத்தையும் ஒழுங்குபடுத்தினர். அதன் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவிற்று.

செய்முறை

அலுமினியத் தகட்டின்மேலோ கண்ணாடியின்மேலோ சிலிக்கா ஜெல் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிப்பில் பூசப்பெற்றிருக்கும். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு இடுதல் வேண்டும். மைக்கோலால் இடலாகாது, மையும் ஒரு சாயக் கலவையாதலின் அதுவும் உடன் கிளம்பிப் பிரியத் தொடங்கும். கோட்டின்மேல், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழலால், சோதிக்கப்படும் கரைசலைக் கடுகளவு பொட்டாக வைத்தல் வேண்டும். அருகே, தெரிந்த பொருளின் கரைசலையும் பொட்டாக வைத்தல் முறை. பின்னர், அரை சென்டிமீட்டர் ஆழம் கரைப்பான் ஊற்றிய மூடுகலத்தில் தகட்டை நிறுத்தி மூடிவிடல் வேண்டும். பொட்டு கரைப்பானில் மூழ்கலாகாது.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமாப்போலக் கரைப்பான் படலத்தின் நுண்துளைகளின் வழியே மேலேறும். தொடக்கத்தில் விரைந்தும் போகப்போகத் தாழ்ந்தும் ஏறும். இருமடங்கு தூரம் செல்ல ஏறக்குறைய நான்மடங்கு நேரம் பிடிக்கும். கரைப்பான் மேலெல்லையை அணுகியதும் தகட்டை எடுத்து, அது எட்டிய இடத்தை உடனே பென்சிலாற் குறித்தல் வேண்டும். ஒரு பொட்டு நகர்ந்த தூரத்தைக் கரைப்பான் நகர்ந்த தூரத்தால் வகுக்க வருவது அப்பொருளின் ஏற்ற விகிதம் ஆகும். கரைப்பான் 8 சென்டிமீட்டரும் பொட்டு 4.8 சென்டிமீட்டரும் நகர்ந்திருப்பின் ஏற்ற விகிதம் 0.6 என்க.

ஏன் பிரிகின்றன?

இவ்விடத்தே காதர்பேட்டை வீதியையே உவமையாகக் கொள்வோம். திருவிழாக் காலத்து மாலையில் மக்கள் வெள்ளம் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நெருக்கித் தள்ளிக்கொண்டு செல்கின்றது. புகைவண்டியைப் பிடிக்க விரையும் பிரயாணி எக்கடையையும் நோக்காது வெள்ளத்தோடு போய்விடுகின்றார். மூன்று குழந்தைகளுக்குச் சட்டை வாங்க வந்த தாயோ கடைதோறும் நின்று, விலை கேட்டு, மீண்டும் வெள்ளத்தில் இறங்கி, அடுத்த கடையில் மீண்டும் நிற்கின்றார். இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டும் சிறிது பொழுதில் பிரிந்துவிடுகின்றனர். கடைகளே சிலிக்கா, வெள்ளமே கரைப்பான், மக்களே மூலக்கூறுகள்.

சிலிக்காவின் புறத்தே ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த கூட்டங்கள் செறிந்துள்ளன. முனைவுத்தன்மை மிகுந்த மூலக்கூறுகளை அவை பற்றி நிறுத்தும். முனைவுத்தன்மை குறைந்தவற்றை விட்டுவிடும். கரைப்பானும் வாளா இராது. பற்றி நிற்பதைப் பெயர்த்துத் தன்னுடன் இழுக்கும். ஹெக்சேன் வலிகுறைந்த கரைப்பான். டொலுவீன், எத்தில் அசிட்டேட்டு, மெத்தனால் என்னும் வரிசையில் வலி ஏறும். வலிகுறைந்ததை இடின் யாவும் அடிக்கோட்டிலேயே கிடக்கும். மிக வலியதை இடின் யாவும் உச்சிக்கே ஓடிவிடும். இரண்டிடத்தும் பிரிகை இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கலவையைத் தேடிக் காண்பதே இக்கலையில் வல்லார் திறம்.

அண்டையிலுள்ள ஈரோட்டு மஞ்சள் இதற்குச் சிறந்த சான்றாகும். மஞ்சளின் நிறம் ஒரே பொருளால் ஆயதன்று; குர்க்குமின் முதலிய மூன்று உறவுப் பொருள்களால் ஆயது. அவை மெத்தாக்ஸி என்னும் சிறு கூட்டத்தின் எண்ணிக்கையால் மட்டுமே வேறுபடுவன: ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று, மற்றொன்றில் எதுவும் இல்லை. குளோரோபாரத்தில் சிறிது மெத்தனால் கலந்து சிலிக்காத் தகட்டில் ஏற்றினால் மூன்று மஞ்சட் பொட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். இரண்டு மெத்தாக்ஸி உடைய குர்க்குமினே மேலே நிற்கும். காரணம் யாதெனின், மெத்தாக்ஸி தன் அருகிலுள்ள ஹைட்ராக்ஸில் கூட்டத்தைத் தானே தழுவிக்கொள்ளுதலால், அது சிலிக்காவைத் தழுவ முற்படுவதில்லை. மெத்தாக்ஸி இல்லாததோ சிலிக்காவை இறுகப் பற்றிக் கீழே நிற்கும். மஞ்சள் தூளில் மெட்டானில் மஞ்சள் என்னும் துணிச்சாயத்தைக் கலப்பாரும் உளர். அஃது உப்பின் தன்மையது. ஆதலின் மேற்கூறிய கரைப்பானில் அடிக்கோட்டை விட்டுப் பெரிதும் அசையாது. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் மஞ்சள்கள் இரண்டும் தகட்டில் தம் குலத்தைத் தாமே கூறிவிடும்.

பிழை நேரும் இடங்கள்

இம்முறை எளிதே, எனினும் கவனமின்றிச் செய்வாரை ஏமாற்றும். முதலாவது, ஈரம். காற்றிலுள்ள நீராவி சிலிக்காவின் பற்றுமிடங்களைத் தானே கைப்பற்றிக்கொள்ளும். ஆதலின் மழைக்காலத்தில் பொட்டுக்கள் கோடையினும் மேலே ஏறக் காணலாம். இதனைத் தவிர்க்கத் தகட்டை நீர் கொதிக்கும் வெப்பத்திற்குச் சற்று மேலான வெப்பத்தில் அரைமணி உலர்த்துவர். இரண்டாவது, பேராசை. பொட்டை மிகுதியாக வைத்தால் அது வால் முளைத்த விண்மீன்போல் நீண்டு அடுத்ததனோடு கலந்துவிடும். மூன்றாவது, கலத்தினுள் கரைப்பான் ஆவி நிறையாமை. அப்பொழுது ஓரங்களில் உள்ள பொட்டுக்கள் நடுவிலுள்ளவற்றினும் மேலே செல்லும். கலத்தின் உட்புறத்தே கரைப்பானில் நனைந்த தாளை ஒட்டிவைத்தால் இக்குறை நீங்கும். நான்காவது, அமீன்களுக்கே உரிய தொல்லை. சிலிக்கா சிறிது அமிலத்தன்மையுடையது, அமீன்களோ காரத்தன்மையுடையன. ஆதலின் அவை ஒட்டிக்கொண்டு இழுபடும். கரைப்பானில் சிறிது அம்மோனியா சேர்த்தால் பொட்டு உருண்டையாகும்.

இவற்றால் பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. ஏற்ற விகிதத்தை நூலிற் பார்த்து அதனோடு ஒப்பிட்டு மட்டும் தீர்ப்புக் கூறலாகாது. தெரிந்த பொருளை அதே தகட்டில், அதே நேரத்தில், அருகே ஏற்றிப் பார்த்தல் வேண்டும். விகிதம் ஒவ்வாதாயின் இரண்டும் வேறு என்று துணியலாம். விகிதம் ஒத்ததாயினும் இரண்டும் ஒன்றே என்று துணியலாகாது. ஒரே உயரத்தில் இருவர் நிற்பதால் அவர் ஒருவராகார் அன்றோ! வேறொரு கரைப்பானில் மீண்டும் ஏற்றி, அங்கும் ஒத்து நிற்பின் நம்பிக்கை வலுப்பெறும்.

துணிச் சோதனை

இனித் துணியைப் பற்றிக் காண்போம். திருப்பூரில் பருத்திப் பின்னலுக்குப் பெரிதும் வழங்குவன வினைச்சாயங்கள். 1956-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த இவ்வகைச் சாயம், பருத்தியின் மூலக்கூறோடு இரசாயனப் பிணைப்பே கொண்டுவிடும். வெறுங் கரைப்பானில் ஊறவைத்து அதனைப் பிரித்தெடுத்தல் இயலாது. ஆதலின் சாயத்தை முழுதாக எடுக்க முயலாது, அதனை முறித்து, முறிவிற் பிறக்கும் அமீனைத் தேடுதலே ஐரோப்பிய நியமத்தின் வழியாகும்.

ஒரு கிராம் துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிட்ரேட்டுக் கரைசல் 17 மில்லிலிட்டரில் 70 பாகை வெப்பத்தில் அரைமணி வைப்பர். பின்னர்ச் சோடியம் டைத்தயோனைட்டுக் கரைசல் 3 மில்லிலிட்டர் சேர்த்து மேலும் அரைமணி வைப்பர். இப்பொருள் வேறெதுவுமன்று; சாயப்பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று வழங்கும் வெண்பொடியே. தவறாகச் சாயமேற்றிய துணியின் நிறத்தை நீக்கச் சாயத் தொழிலாளர் பயன்படுத்துவது இதனையே. நிறத்தை நீக்குதல் என்று அவர் கூறுவதும், அசோ பிணைப்பை முறித்தல் என்று இரசாயன நூலார் கூறுவதும் ஒரே செயலின் இரு பெயர்கள். பிறந்த அமீன்களை ஈதர் வகைக் கரைப்பானில் வடித்தெடுத்துச் செறிவாக்கிப் பின் ஆராய்வர்.

அமீன்கள் பெரும்பாலும் நிறமற்றவை. ஆயின் தகட்டில் அவற்றைக் காண்பது எவ்வாறு? ஒளிரும் பொருள் கலந்த தகட்டைப் புறவூதா விளக்கின்கீழ்ப் பிடித்தால் பச்சை ஒளியினிடையே கரும்பொட்டுக்களாய்த் தோன்றும். அன்றி, நைட்ரஸ் ஆவி காட்டி நாப்தால் வகைப் பொருளைத் தெளித்தால் அமீன் மீண்டும் அசோ சாயமாக மாறிச் செந்நிறங்காட்டும். சாயத்தை உடைத்துப் பிறந்த பொருளை மீண்டும் சாயமாக்கியே காண்கின்றோம்! சட்டத்தின் எல்லையாகிய 30 மில்லிகிராம் என்பது ஒரு கிராம் துணிக்கு 30 மைக்ரோகிராம். அஃதாவது ஒரு மில்லிகிராமில் நூற்றில் மூன்று பங்கு. இத்துணை நுண்ணிய அளவைத் தேடுதலின் பொருட்டே இவ்வளவு ஏற்பாடும்.

மென்படலம் இங்கே முதற்காவலன் மட்டுமே. அளவை உறுதிப்படுத்துதற்கு வாயு வண்ணப் பிரிகை, உயர் அழுத்தத் திரவ வண்ணப் பிரிகை முதலிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். ஒரு முறையில் தென்பட்ட அமீனை மற்றொரு முறையாலும் உறுதிசெய்தல் வேண்டும் என்பதே நியமம். அமினோ அசோபென்சீன் என்னும் அமீனோ இன்னும் வஞ்சமுடையது. அதனுள்ளும் ஓர் அசோ பிணைப்பு இருத்தலின் ஹைட்ரோஸ் அதனையும் உடைத்துவிடும். அதற்கெனத் தனி முறையே வகுத்துள்ளனர். கோயமுத்தூரில் 1956-இல் நிறுவப்பெற்ற தென்னிந்தியத் துணி ஆராய்ச்சிச் சங்கம் முதலிய நிலையங்கள் துணிச் சோதனைப் பணியில் ஈடுபட்டுள்ளன. ஆயினும் தட்டும் கலமும் கரைப்பானும் தவிர வேறு பொருட்செலவு மிகாத மென்படல முறை, கல்லூரி மாணவரும் கற்றுக்கொள்ளத் தக்க எளிமையுடையது என்பதே அதன் சிறப்பு.

நிறம் மறைதலும் நஞ்சு நீங்குதலும்

இக்கலை நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று நொய்யலாற்றுக்கும் பொருந்தும். திருப்பூர்ச் சாயக்கழிவால் அவ்வாறும் அதன் கீழ்ப்பாலுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் கெட்ட செய்தி யாவரும் அறிந்தது. உழவர் தொடுத்த வழக்கின் விளைவாக, 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத நிலை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பெற்றன. கூலியாட்கள் பலர் வேலையிழந்தனர். பின்னர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தியமைத்துப் படிப்படியாகத் திறந்தனர்.

கழிவுநீரின் நிறத்தை நீக்கப் பல வழிகள் உள. நுண்ணுயிர்களைக்கொண்டு நீக்குவதும் அவற்றுள் ஒன்று. சிவந்த நீர் தெளிந்தவுடன் நீர் தூயதாயிற்று என்று மகிழ்கின்றோம். அஃது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். சாயம் நுண்ணுயிரின் உடலில் ஒட்டிக்கொண்டு நீரை விட்டு அகன்றிருக்கலாம். அசோ பிணைப்பு முறிந்து நிறமற்ற அமீனாக நீரிலேயே மறைந்து நிற்கலாம். அமீனும் சிதைந்து அழிந்துபோயிருக்கலாம். மூன்றிடத்தும் கண்ணுக்குத் தெரிவது தெளிந்த நீரே. முன்னைய நீரையும் பின்னைய நீரையும் வடித்தெடுத்து ஒரே தகட்டில் அருகருகே ஏற்றிப் பார்ப்பின், பழைய பொட்டு மறைந்து புதுப் பொட்டு தோன்றியதா, புதுப் பொட்டும் மறைந்ததா என்பது புலப்படும். நிறம் மறைதல் வேறு. நஞ்சு நீங்குதல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாதார் தெளிந்த நீரைக் கண்டு ஏமாறுவர்.

முடிவுரை

பெர்லின் நகரத்துக் குழந்தை அணியும் சட்டையைச் சோதித்தே கப்பலேற்றுகின்றோம். அது தக்கதே. காதர்பேட்டையில் வாங்கிய சட்டையை அணியும் குழந்தை சிவகங்கைச் சீமையிலோ தருமபுரியிலோ இருப்பினும் அதன் தோலும் அதே தோலன்றோ? சாயப்பொடியை நாள்தோறும் கையால் அள்ளும் தொழிலாளியின் நுரையீரலும் அதே நுரையீரலன்றோ? 112 சாயங்களை விலக்கிய சட்டம் நம் நாட்டிலேயே உளது. வாங்கும் வியாபாரி “இதற்குச் சோதனைச் சீட்டு உண்டோ?” என்று ஒரு வினா வினவினால், அச்சட்டம் ஏட்டிலிருந்து வீதிக்கு வரும். பட்டறையில் சாயப் பெட்டியைத் திறக்கும் தொழிலாளி அதன் பெயரையும் எண்ணையும் வாசித்துப் பார்க்கக் கற்பின் அச்சட்டம் அவனுக்கும் துணையாகும்.

அவ்வினாவை எழுப்புவதற்கு முதலில் அறிவு வேண்டும். அறிவு பரவ மொழி வேண்டும். சோதனை முடிவுகள் ஆங்கிலத்தில் அச்சாகி அலுவலகக் கோப்புகளில் உறங்குமாயின், துணியைத் தொடுபவர்க்கு அவற்றால் ஆகும் பயன் யாது? இரசாயனம் பயிலும் நம் தோழர் சோதனை செய்க. தமிழ் பயிலும் நாம் அதனை மக்கள் மொழியில் உரைப்போம். இருவர் பணியும் ஒன்றுசேரின், விரலை நனைத்துச் சாயம் போகின்றதா என்று பார்க்கும் காதர்பேட்டை வியாபாரி, அதற்கு அடுத்த வினாவையும் கேட்கத் தொடங்குவார்.